பிரேக் பெடல் கட்டையாக இறுகினால்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

திருகோணமலை உவர்மலையிலிருந்து நகரத்தை நோக்கிக் காரை இறக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபோது பெடல் அசைய மறுத்தது. வழக்கமாக இரண்டு மூன்று விரற்கடை உள்ளே போகும் பெடல், கருங்கல்லில் கால் வைத்ததுபோல் நின்றது. இருக்கையில் முதுகை முட்டுக்கொடுத்து முழுப் பலத்தோடு ஊன்றிய பின்னர்தான் கார் நின்றது. அதற்கு முந்தைய வாரம் ஒரு கராஜில், தேய்ந்துவிட்டன என்று சொல்லி முன்சில்லுகளின் பிரேக் பாட்களை மாற்றி, பிரேக் ஒயிலையும் புதிதாக ஊற்றித் தந்திருந்தார்கள். குறை அங்கே இருக்கவில்லை. எஞ்சினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஒரு முழ நீள ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில், கிளிப் கடித்திருந்த இடத்தில், நகக்கண் அளவு வெடிப்பு ஒன்று இருந்தது. குழாயை நிமிர்த்திப் பார்த்தால் தெரியாது. மடக்கிப் பார்த்தால்தான் வாய் திறக்கும்.

இறுகிய பெடலுக்குக் காரணங்கள் பல. ஆனாலும் அவை இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, உங்கள் காலுக்குத் துணைநிற்கும் பூஸ்டரின் உதவி அற்றுப்போயிருக்கும். மற்றது, பூஸ்டர் உதவினாலும் சில்லுப் பக்கத்தில் பிரேக் இறுகியோ பிடிப்பிழந்தோ போயிருக்கும். இவற்றுள் எது என்று தெரியாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றக்கூடாது. அதைத் தெரிந்துகொள்ள ஸ்பானர் எதுவும் தேவையில்லை. வலது காலும் ஐந்து நிமிடமும் போதும்.

அதற்கு முன், ஓட்டத்தின்போதே பெடல் இறுகினால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் எஞ்சியிருக்கும் உதவியும் போய், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். பெடலை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். பூஸ்டருக்குள் சேமிப்பாக இருக்கும் சிறிதளவு வெற்றிடம் ஒவ்வொரு மிதிக்கும் கரைந்துகொண்டே போகும். ஒரே மிதியாக, வேண்டுமானால் இரண்டு காலாலும், ஊன்றிப் பிடியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹான்ட்பிரேக்கின் பொத்தானை அமுக்கியபடியே அதைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். பூஸ்டர் செயலிழந்தாலும் பிரேக் குழாய்களில் ஒயில் இருக்கும்வரை பிரேக் வேலை செய்யும். பலம் மட்டுமே பல மடங்கு தேவைப்படும். காரை நிறுத்திய பின்னர், குறை தீரும்வரை அதை வீதியில் ஓட்ட வேண்டாம். பிரட்றிக் கோட்டைக்குள் மான் குறுக்கே பாய்வதும், நிலாவெளி வீதியில் மாடு படுத்திருப்பதும் நமக்கு அன்றாடக் காட்சி. அந்த நேரத்தில் பல மடங்கு பலத்தோடு மிதித்துக்கொள்ளலாம் என்று நம்பியிருப்பது தவறு.

பூஸ்டர் என்பது பெடலுக்கும், பிரேக் ஒயிலை அழுத்திச் சில்லுகளுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே, எஞ்சின் அறையின் பின்சுவரில் பதிந்திருக்கும் தட்டையான வட்டமான இரும்புப் பெட்டி. அதன் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, பெட்டியை முன்னறை, பின்னறை என இரண்டாகப் பிரிக்கிறது. எஞ்சின் ஓடும்போது இரு அறைகளிலிருந்தும் காற்று உறிஞ்சப்பட்டு வெற்றிடமாக இருக்கும். பெடலை மிதித்தவுடன் பின்னறைக்குள் மட்டும் வெளிக்காற்று நுழைகிறது. அந்தக் காற்றின் அழுத்தமே சவ்வை முன்னே தள்ளி மாஸ்டர் சிலிண்டரை அமுக்குகிறது. 9 அங்குல விட்டமுள்ள சவ்வின் பரப்பு ஏறத்தாழ 410 சதுர சென்ரிமீற்றர். எஞ்சின் 20 அங்குலப் பாதரச அளவு வெற்றிடம் தருமானால், ஏறத்தாழ 280 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை அந்தச் சவ்வின் மீது விழும். நான்கு பேர் சேர்ந்து தள்ளும் அந்தத் துணை இல்லாதபோது பெடல் கட்டையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

காலால் செய்யும் மூன்று சோதனைகள்

காரைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்துங்கள். முதற் சோதனையில், பெடலை ஐந்தாறு தடவை நன்றாக மிதித்து விடுங்கள். மிதிக்க மிதிக்கப் பெடல் உயர்ந்து இறுகும். இது இயல்பு, உள்ளிருந்த வெற்றிடம் தீர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். இறுகிய பெடலை மிதமாக அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். எஞ்சின் பற்றிய சில விநாடிகளில் பெடல் உங்கள் காலின் கீழே தானாகச் சற்றுத் தாழ வேண்டும். தாழ்ந்தால் பூஸ்டருக்கு வெற்றிடம் வருகிறது, பூஸ்டரும் உதவுகிறது என்று பொருள். அசையாமல் நின்றால் குறை முதல் வகை.

இரண்டாவது சோதனைக்கு எஞ்சினை ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பின்னர் இடைவெளி விட்டு மூன்று தடவை மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகவும், இரண்டாவதும் மூன்றாவதும் படிப்படியாக உயர்ந்தும் இருக்க வேண்டும். முதல் மிதியே கட்டையாக இருந்தால், எஞ்சின் நின்றவுடன் வெற்றிடம் எங்கோ கசிந்து போய்விட்டது.

மூன்றாவது சோதனையில், எஞ்சின் ஓடும்போதே பெடலை மிதித்துப் பிடித்து, காலை எடுக்காமல் எஞ்சினை நிறுத்தி, 30 விநாடி அப்படியே பிடித்திருங்கள். பெடலின் உயரம் மாறக்கூடாது. அது மெல்ல மேலெழுந்து காலைத் தள்ளினால் பூஸ்டரில் காற்றுக் கசிவு இருக்கிறது. மாறாகப் பெடல் கீழே இறங்கிக்கொண்டே போனால் அது வேறு நோய். பிரேக் ஒயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கிறது.

முதல் சோதனையில் தேறி இரண்டாவதில் தவறிய கார்கள் பலரை ஏமாற்றிவிடுகின்றன. அவற்றில் வீட்டு வாசலில் பிரேக் நன்றாகவே இருக்கும். அக்சிலேட்டரை ஆழ மிதித்து மேட்டில் ஏறிவிட்டு உடனே பிரேக் பிடிக்கும்போதுதான் பெடல் இறுகும். அக்சிலேட்டர் திறந்திருக்கும் வேளையில் பெற்றோல் எஞ்சினின் வெற்றிடம் குறைந்துவிடும். அப்போது முன்பு சேர்ந்த வெற்றிடத்தைப் பூஸ்டருக்குள் பூட்டி வைப்பது, காற்றை ஒரு திசையில் மட்டும் போகவிடும் செக் வால்வின் வேலை. அது பழுதானால் சேமிப்பு எஞ்சின் பக்கமே திரும்பி ஓடிவிடும்.

உதவி அற்றுப்போயிருந்தால்

முதலில் குழாயைப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது, எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மனிபோல்டிலிருந்து பூஸ்டர்வரை செல்லும் தடித்த ரப்பர் குழாயை விரலால் தடவி, வளைவுகளிலும் கிளிப்களின் கீழும் மடக்கிப் பாருங்கள். பிறகு எஞ்சினை இயக்கி, பூஸ்டர் முனையில் குழாயை மெல்லத் திருகித் தளர்த்திக் கழற்றுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பழைய பிளாஸ்டிக் முழங்கை முறிந்துவிடும். குழாய்முனையைப் பெருவிரலால் அடைத்தால், விரல் நுனி உள்ளே இழுபட்டு, எடுக்கும்போது ஒரு சிறு வெடிப்போசையோடு விடுபட வேண்டும். அடைக்கும்வரை எஞ்சின் தடுமாறி ஓடுவதும் அடைத்தவுடன் சீராவதும் நல்ல அறிகுறிகள். விரலில் இந்த இழுவை நன்றாகத் தெரிந்தும் முதற் சோதனையில் பெடல் தாழவில்லை என்றால், பூஸ்டரோ அதில் செருகியிருக்கும் செக் வால்வோதான் பழுது. இழுவை மெலிவாக இருந்தால் பூஸ்டரை விட்டுவிட்டு, எஞ்சின் பக்கமாகத் தேடிச் செல்லுங்கள்.

செக் வால்வு சில கார்களில் பூஸ்டரின் ரப்பர் வளையத்தில் செருகியிருக்கும். பல ஜப்பானியக் கார்களில் குழாயின் உள்ளேயே இருக்கும், வெளியே ஓர் அம்புக்குறி மட்டும் தெரியும். அம்பு எஞ்சினை நோக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, வால்வைக் கழற்றித் துடைத்து, பூஸ்டர் பக்கத்திலிருந்து வாயால் ஊதினால் காற்று தாராளமாகப் போக வேண்டும். எஞ்சின் பக்கத்திலிருந்து ஊதினால் சிறிதும் போகக்கூடாது. இரு பக்கமும் போனாலோ, இரு பக்கமும் அடைத்திருந்தாலோ வால்வை மாற்றிவிடுங்கள். பூஸ்டரோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சிறியது. அதனால்தான் பூஸ்டருக்கு முன் இதைப் பார்க்கச் சொல்கிறேன்.

வெளியே புதிதுபோல் தோன்றும் குழாயும் ஏமாற்றும். எஞ்சின் ஒயிலின் ஆவி பட்டு உட்புறம் மென்மையாகிய குழாய், உறிஞ்சும்போது மட்டும் உள்ளே ஒட்டி அடைபடும். எஞ்சினை நிறுத்திப் பார்த்தால் திறந்தே இருக்கும். எஞ்சின் ஓடும்போது குழாயைக் கண்ணால் கவனித்தால் அது சப்பையாவது தெரியும். மாற்றும்போது வெற்றிடத்துக்கென்று செய்யப்பட்ட, உள்ளே நூல்வலை வைத்த குழாயையே வாங்குங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை வெட்டிப் பொருத்தியிருந்த ஒரு காரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எஞ்சின் சூட்டில் அது இளகி, ஊறிய அப்பளம்போல் மடிந்து கிடந்தது.

குழாயும் வால்வும் நன்றாக இருந்தும் இழுவை குறைவென்றால், மனிபோல்டில் குழாய் சேரும் துவாரத்தில் கரி அடைத்திருக்கலாம், அல்லது எஞ்சினே போதிய வெற்றிடம் தராதிருக்கலாம். வெற்றிட அளவுமானியை மூன்று வாய் கொண்ட ஒரு டீ (T) இணைப்பில் பொருத்தினால், நல்ல பெற்றோல் எஞ்சின் அக்சிலேட்டரைத் தொடாத ஐட்லிங்கில் 18 முதல் 22 அங்குலம்வரை காட்டும். இந்த அளவு கடல்மட்டத்துக்கு உரியது. திருகோணமலையில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அதே எஞ்சின் ஏறத்தாழ 6 அங்குலம் குறைவாகக் காட்டும். அங்கிருந்து வாங்கி வந்த காரின் பழைய அளவுகளோடு ஒப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள். ஏசியைப் போட்டால் சிறிய எஞ்சின்களில் முள் இன்னும் சற்று இறங்கும். முள் 15க்குக் கீழே நின்றால், மனிபோல்ட் கஸ்கட் கசிவு, தவறிய டைமிங், அடைத்த சைலன்சர் ஆகியவற்றைத் தேட வேண்டும்; அது பிரேக் வேலை அல்ல, எஞ்சின் வேலை.

டீசல் வாகனங்களில் வெற்றிடம் மனிபோல்டிலிருந்து வருவதில்லை. தனியான பம்ப் ஒன்று அதை உண்டாக்குகிறது. நம்மூரில் இன்றும் ஓடும் பழைய ஹயஸ் வான்களில் அந்தப் பம்ப் அல்டனேற்றரின் பின்புறத்தில் பூட்டப்பட்டு, எஞ்சின் ஒயிலால் உயவிடப்படுகிறது. அதற்கு ஒயில் கொண்டுவரும் சிறு குழாய் அடைத்தால் பம்பின் இதழ்கள் தேய்ந்து, பெல்ட் நன்றாக இருந்தும் பெடல் இறுகிவிடும். ஹபரணைப் பக்கம் நீண்ட ஓட்டம் போகும் வான்காரர்கள், அல்டனேற்றரை ரிப்பேர் செய்யும்போதெல்லாம் இந்தப் பம்பையும் திறந்து பார்க்கச் சொல்வது நல்லது.

பூஸ்டரே பழுதாயிருந்தால்

பெடலை மிதிக்கும்போது காலடியில் ஒரு நொடி கேட்கும் மெல்லிய சீறல் இயல்பானது. அது பின்னறைக்குள் காற்று நுழையும் ஓசை. பெடலை விட்ட பின்னும், அல்லது அழுத்திப் பிடித்திருக்கும்போதும் சீறல் தொடர்ந்தால் சவ்வோ உள்வால்வோ கிழிந்திருக்கிறது. ஆனால் மாற்றுவதற்கு முன், சவ்வு ஏன் கிழிந்தது என்று பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்களைத் தளர்த்திச் சற்று முன்னே இழுத்து, பூஸ்டரின் வாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடையுங்கள். துணி நனைந்து, பிரேக் ஒயிலின் மணம் வீசினால், மாஸ்டர் சிலிண்டரின் பின்ரப்பர் கசிந்து பூஸ்டருக்குள் ஒயில் வடிந்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் ஒயில் குறைந்துகொண்டே போவதன் மர்மமும் அதுதான். அந்த நிலையில் பூஸ்டரை மட்டும் மாற்றினால் புதிய சவ்வும் அதே ஒயிலில் நனையும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கழற்றுமுன் எஞ்சினை நிறுத்தி, பெடலைப் பல தடவை மிதித்து உள்ளிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். இரும்புக் குழாய்கள் இடம் தந்தால் மாஸ்டர் சிலிண்டரை அவற்றோடு சேர்த்தே ஒதுக்கி வைக்கலாம். குழாய் மடியுமளவுக்கு இழுக்கக்கூடாது. டாஷ்போர்டின் கீழே படுத்து, பெடலையும் தள்ளுகோலையும் இணைக்கும் ஊசியின் கிளிப்பைக் கழற்றி, பூஸ்டரைப் பிடித்திருக்கும் நான்கு நட்களை எடுத்தால் அது முன்பக்கமாக வெளியே வரும்.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த பூஸ்டரை வாங்குபவர்கள், மாஸ்டர் சிலிண்டரை நோக்கிய முன்பக்கத் தள்ளுகோலின் நீளத்தைப் பழையதோடு வைத்து அளந்து பார்க்க வேண்டும். அது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை எப்போதும் தொட்டு அமுக்கிக்கொண்டிருந்தால், ஒயில் தொட்டிக்குத் திரும்பும் துவாரம் மூடியே இருக்கும். சிறிது தூரம் ஓடியதும் சூட்டில் ஒயில் விரிந்து, பெடல் இறுகி, நான்கு சில்லுகளும் பிடித்துக்கொள்ளும். புதுப் பூஸ்டர் போட்டும் சாம்பல்தீவு போவதற்குள் கார் இழுக்க மறுக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. மாஸ்டர் சிலிண்டருக்கும் பூஸ்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடுங்கள். பல கார்களில் வெற்றிடத்தைக் காப்பதே அந்த வளையம்தான்.

ஹைபிரிட் கார்களுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. பிரியஸ், அக்குவா போன்றவற்றில் வெற்றிடப் பூஸ்டர் கிடையாது. மின்பம்ப் ஒன்று உயர் அழுத்தத்தில் ஒயிலைச் சேமித்து வைக்கிறது. பெடல் இறுகி, எச்சரிக்கை விளக்கும் ஒலியும் வந்தால், உரிய ஸ்கேனர் வைத்திருப்பவரிடமே கொடுங்கள். அழுத்தத்தை முறைப்படி இறக்காமல் அந்தக் குழாய்களைத் திறப்பது ஆபத்து.

உதவி இருந்தும் பிரேக் பிடிக்காவிட்டால்

மூன்று சோதனையிலும் தேறிய பின்னும் பெடல் கடினமாக இருந்து கார் தாமதித்து நின்றால், சில்லுகளைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. உப்புவெளி, நிலாவெளிக் கரையோரம் நிறுத்தப்படும் கார்களில் இந்த வகைக் குறையையே முதலில் சந்தேகிக்க வேண்டும். உப்புக்காற்றும், வடகீழ்ப் பருவமழையில் வாரக்கணக்கில் நனைந்து நிற்பதும், பாட்களை டிஸ்கில் அழுத்தும் கலிப்பர் சறுக்கும் ஊசிகளைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. ஜக்கில் தூக்கியபின் ஸ்ராண்டில் இறக்கி வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே கை விடக்கூடாது.

கலிப்பரைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஊசிகளின் மேல் அது இலகுவாக முன்பின் ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஊசிகளைக் கழற்றி, துருவை நேர்த்தியான உப்புத்தாளால் எடுத்து, சிலிக்கன் கிறீஸ் பூசிப் பொருத்துங்கள். சாதாரணக் கிறீஸ் ரப்பர் உறைகளை வீங்கச் செய்து மறுபடி இறுக்கிவிடும். அதே காரணத்துக்காக, பிரேக் ரப்பர்களைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக்கூடாது. தொட்டிக்குள் பிரேக் ஒயிலைத் தவிர வேறு எந்த எண்ணெயையும் ஊற்றக்கூடாது. ஒருமுறை தவறி ஊற்றினால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கடைசிச் சில்லுவரை எல்லா ரப்பரும் ஊதிப்போகும்.

ஒரு சில்லு மட்டும் பிடித்து விடாமல் நின்றால், அதன் காற்றெடுக்கும் நிப்பிளை அரைச் சுற்றுத் திறவுங்கள். ஒயில் பீறிட்டுச் சில்லு விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது. பெரும்பாலும் ரப்பர் ஹோஸின் உட்சுவர் வீங்கி வழியை அடைத்திருக்கும். திறந்தும் விடுபடாவிட்டால் பிஸ்டனோ ஊசியோ துருவில் இறுகியிருக்கிறது. ஹோஸ் வீங்கிய சில்லு அழுத்தத்தை உள்ளே வாங்கவும் மறுக்கும். அதனால் பெடல் கட்டையாகி, பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

பாட்களின் முகம் கண்ணாடிபோல் மினுங்கினால், கடுஞ்சூட்டில் அவை இறுகிப் பிடிப்பிழந்துவிட்டன. மேலோட்டமான மினுக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து எடுக்கலாம். ஒயில் ஊறிய பாட்டையோ டிரம் பிரேக்கின் சூவையோ எதுவும் காப்பாற்றாது, மாற்றத்தான் வேண்டும். பழைய டிரம்களுக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், அதில் கல்நார் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

வேலை முடிந்ததும் எஞ்சினை இயக்காமல் பெடலை மெல்ல மிதித்து, பாட்கள் டிஸ்கைத் தொடும்வரை கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல் காரை நகர்த்தினால் முதல் மிதி வெறுமையாகப் போய்விடும். தொட்டியில் ஒயிலின் அளவைப் பார்த்து, மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். பின்னர் மூன்று சோதனைகளையும் முதலிலிருந்து செய்யுங்கள். அவற்றில் தேறியதும் ஆள்நடமாட்டமற்ற சமதரையில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் சில தடவை பிரேக் பிடித்து, இறங்கி ஒவ்வொரு சில்லின் அருகிலும் புறங்கையைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கடுமையாகச் சுட்டால் அங்கே இன்னும் ஏதோ இறுகியிருக்கிறது. மறுநாட்காலையில், எஞ்சினை இயக்குவதற்கு முன் ஒரே ஒரு தடவை பெடலை மிதித்துப் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற பின்னும் அந்த முதல் மிதி மென்மையாக உள்ளே போனால், குழாயும் வால்வும் சவ்வும் காற்றைக் கசியவிடவில்லை.